முதிர்ந்த எண்ணெய் வயலும் கரியமில வாயுவும்

எண்ணெய்க் கிணறு ஒன்று ஓய்ந்துவிட்டது என்று கேள்வியுற்றால், பூமியினடியிலிருந்த எண்ணெய் முழுவதும் தீர்ந்துபோயிற்று என்றே நம்மில் பலரும் எண்ணிக்கொள்கிறோம். உண்மை அவ்வாறன்று. எண்ணெய் நிலத்தினடியில் ஏரிபோல் தேங்கி நிற்பதில்லை. செங்கல்லில் ஈரம் ஊறியிருப்பதுபோலப் பாறையின் நுண்ணிய துளைகளில் ஊறிக் கிடக்கிறது. தன் சொந்த அழுத்தத்தால் மேலெழுந்து வருவது பெரும்பாலான வயல்களில் சிறு பங்கே. பின்னர் நீரைச் செலுத்தித் தள்ளினாலும், பாதிக்கு மேற்பட்ட எண்ணெய் பாறையைவிட்டு அகலாது தங்கிவிடுவதே வழக்கம். இவ்வாறு தங்கிய எண்ணெயைக் கரியமில வாயுவின் துணைகொண்டு வெளிக்கொணரும் முறை, 1972ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டின் டெக்ஸாஸ் மாநிலத்திலே, ஸ்கர்ரி என்னும் மாவட்டத்தில் முதன்முதலாகப் பெரிய அளவில் கையாளப்பட்டது. அதற்கு வழிகோலியது பலர் ஒன்றுகூடிச் செய்துகொண்ட ஓர் உடன்படிக்கை. நம் இதழில் இதற்கு இடமளிக்க அதுவே காரணம்.

1948ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வயல் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில், பண்டைக் கடலில் உருவான சுண்ணாம்புப் பாறைத் திட்டில் எண்ணெய் இருந்தது. மேலே நிலம் பலருக்குரியது; கீழே பாறை ஒன்றே. தன் நிலத்துக் கிணற்றின் வழியே வரும் எண்ணெய், அது எவர் நிலத்தின் அடியிலிருந்து நகர்ந்து வந்திருப்பினும், எடுத்தவருக்கே உரியது என்பது அந்நாட்டில் நெடுங்காலமாக நிலவிய விதி. ஆகவே அண்டை நிலத்தான் எடுக்குமுன் நாம் எடுத்துவிட வேண்டும் என்று ஒவ்வொருவரும் விரைந்தனர். ஒரே நீரோட்டத்தில் அடுத்தடுத்துக் கிணறு வெட்டி, ஆண்டுக்கு ஆண்டு ஆழப்படுத்தும் நம் விவசாயிகளுக்கு இப்போட்டியை விளக்கவேண்டியதில்லை.

விளைவு சில ஆண்டுகளிலேயே தெரிந்தது. இருந்த எண்ணெயில் நூற்றுக்கு 5 பங்களவே வெளிவந்திருக்க, பாறையின் அழுத்தமோ ஏறக்குறையப் பாதியாக வீழ்ந்தது. அழுத்தம் வீழ்ந்தால் எண்ணெயில் கரைந்திருக்கும் வாயு பிரிந்து வெளியேறும். திறந்துவைத்த சோடா சப்பென்றாவது போல, உந்தும் சக்தியிழந்த எண்ணெய் தடித்து உள்ளேயே கிடக்கும். நீரைச் செலுத்தி அழுத்தத்தை மீட்கலாம். ஆயின் எவர் கிணற்றில் செலுத்துவது? செலுத்துபவன் கிணற்றில் எண்ணெய் வாராது. அவன் தள்ளிய எண்ணெய் அண்டை நிலத்தானின் கிணற்றில் வரும். தனித்தனியே நின்றவரை இதற்கு விடையில்லை.

1953இல் உரிமையாளர்கள் வயலை ஒரே அலகாகக் கொள்ள உடன்பட்டனர். எந்தக் கிணறு உற்பத்திக்கு, எந்தக் கிணறு நீர் செலுத்துவதற்கு என்பதைப் பாறையின் இயல்பு நோக்கித் தீர்மானிப்பது. வருவதை முன்னரே வகுத்த விகிதப்படி பங்கிட்டுக்கொள்வது. இதுவே உடன்படிக்கையின் சாரம். அம்மாநிலத்தில் எண்ணெய்த் தொழிலைக் கண்காணிப்பது, பெயரளவில் மட்டும் இரயில்வேக்குரிய ‘இரயில்ரோடு கமிஷன்’. அதன் ஒப்புதல் தேவை. ஆனால் சேரமறுப்பவரைக் கட்டாயப்படுத்தும் சட்டம் அங்கில்லை. இலாபத்தையே நோக்கமாகக் கொண்ட கம்பெனிகளே பெரும்பாலும் இதில் சேர்ந்தன; இதனைக் கூட்டுறவுச் சங்கம் என்று நாம் கூறமாட்டோம். எனினும், சேராவிடில் எல்லோரும் இழப்பர் என்று கண்டபின் தாமே சேர்ந்தனர் என்பதை மறுப்பதற்கில்லை.

மறுவருடமே, 1954இல், வயலின் நடுக்கோட்டு நெடுகிலும் நீர் செலுத்தத் தொடங்கினர். அழுத்தம் மீண்டது, உற்பத்தி பெருகியது. ஆயினும் நீருக்கோர் எல்லையுண்டு. தறியின் எண்ணெய் துணியில் பட்டுவிட்டால் நெசவாளர் என்ன செய்கிறார்? நீரில் எத்தனை முறை அலசினும் கறை நீங்காது. மண்ணெண்ணெயைத் தொட்டுத் துடைத்தால் கரைந்து வரும். பாறையிலும் அதுவே நிகழ்கிறது. நீர் எண்ணெயோடு கலவாது. வழி கிடைத்த துளைகளிலே தள்ளிக்கொண்டு போகும். எஞ்சியது துளிதுளியாகச் சிக்கி நிற்கும். அதனைக் கரைத்து எடுக்க ஒரு பொருள் வேண்டும்.

கரியமில வாயு அப்பொருளாவது எங்ஙனம்? 31 பாகை வெப்பத்துக்கும், நம் காற்றின் அழுத்தத்தைப்போல் 73 மடங்குக்கும் மேற்பட்ட நிலையில் அது வாயுவாகவும் இராது, நீர்மமாகவும் இராது. அடர்த்தியில் நீர்மத்தையும், ஊடுருவுவதில் வாயுவையும் ஒத்திருக்கும். ஆழத்திலுள்ள பாறையில் அந்நிலை இயல்பாகவே அமைகிறது. அது எண்ணெயிற் புகும்போது எண்ணெய் உப்புகிறது. அதன் தடிப்புக் குறைகிறது. போதிய அழுத்தம் இருப்பின் இரண்டும் ஒன்றாகவே கலந்துவிடுகின்றன. அழுத்தம் குன்றிய பாறையில் இக்கலப்பு நிகழாது. முன்பு நீர் செலுத்தி அழுத்தத்தை மீட்டிராவிடில் வாயுவும் பயன்பட்டிராது. வாயு மெல்லியதாகையால் எளிய வழியொன்றைப் பற்றிக்கொண்டு நேரே உற்பத்திக் கிணற்றுக்கு ஓடிவிடும் குணமும் உண்டு. அதனைத் தடுக்க நீரும் வாயுவும் மாறிமாறிச் செலுத்தப்படுகின்றன. எண்ணெயுடன் மேலே வந்த வாயுவைப் பிரித்து, அழுத்தி, மீண்டும் உள்ளே விடுகின்றனர். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பகுதி பாறையிலேயே தங்கிவிடுகிறது. இம்முறையால், ஆதியில் இருந்த எண்ணெயில் நூற்றுக்கு 5 முதல் 15 பங்குவரை கூடுதலாகக் கிடைப்பது வழக்கம்.

வாயு எங்கிருந்து வந்தது என்பது அடுத்த வினா. தொடக்கத்தில் அது கழிவே. தெற்கே இயற்கை எரிவாயுவைச் சுத்திகரித்த ஆலைகள் கரியமில வாயுவைப் பிரித்துக் காற்றில் விட்டுவந்தன. அதனையே சுமார் 350 கிலோமீட்டர் நீளக் குழாய் அமைத்துக் கொண்டுவந்தனர். ஆயின் தேவை பெருகியபோது வேறொரு வழி பிறந்தது. கொலராடோ மாநிலத்தில் மக்எல்மோ மேடு என்னுமிடத்தில் பூமி தானே அடைத்துவைத்திருந்த கரியமில வாயுவைத் தோண்டி, 1984 முதல் சுமார் 800 கிலோமீட்டர் நீளக் குழாயில் டெக்ஸாஸுக்கு அனுப்பலாயினர். ஓரிடத்தில் புதைந்து கிடந்ததை எடுத்து மற்றோரிடத்தில் புதைப்பதால் வானத்துக்கு யாதொரு நன்மையும் இல்லை. ஒரு பீப்பாய் எண்ணெயை எரித்தால் சுமார் 430 கிலோ கரியமில வாயு உண்டாகிறது. ஒரு பீப்பாயை இம்முறையில் எடுக்கப் பாறையில் தங்குவதோ 300 முதல் 600 கிலோ. ஆலைக் கழிவைப் பிடித்துப் புதைத்தால் இக்கணக்கில் ஏதோ ஈடு உண்டு. தோண்டியெடுத்த வாயுவாயின் ஈடே இல்லை. விளம்பரங்களில் இவ்விரண்டும் ஒரே பெயரில் வலம்வருவதை நாம் ஏற்பதற்கில்லை.

மேலே பயிர் செய்பவரின் நிலை என்ன? கனடாவின் சஸ்காட்செவான் மாநிலத்தில் வேபர்ன் வயல் 1954இல் கண்டறியப்பட்டது. எல்லைக்கப்பால் வடக்கு டகோட்டாவில் பழுப்பு நிலக்கரியை வாயுவாக்கும் ஆலையின் கழிவு, சுமார் 320 கிலோமீட்டர் கடந்து, 2000 முதல் அங்கே செலுத்தப்படுகிறது. 2011இல் அருகிலிருந்த விவசாயக் குடும்பமொன்று, தம் நிலத்தில் வாயு கசிகிறது என்று முறையிட்டது. மண்ணிலுள்ள வாயுவை ஆராய்ந்த சுயேச்சையான குழுவினர், அது வேர்களும் நுண்ணுயிர்களும் விடுவதே, செலுத்திய வாயுவன்று என்று முடிவு கூறினர். ஸ்கர்ரி வயலின் மேலுள்ள கிணற்று நீரை ஆய்ந்த டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தாரும் கெடுதல் காணவில்லை.

இதுவரை தெரிந்த பெருந்தீங்கு பாறையிலிருந்து வரவில்லை, குழாயிலிருந்து வந்தது. 2020ஆம் ஆண்டு பிப்ரவரி 22 அன்று, மிசிசிப்பி மாநிலத்தின் சட்டார்ஷியா என்னும் சிற்றூரருகே, கனமழையால் நிலம் சரிந்து, எண்ணெய் வயலுக்கு வாயு செல்லும் குழாய் உடைந்தது. காற்றினும் கனமான அவ்வாயு தாழ்வான இடத்தை நோக்கி ஊர்ந்து ஊருக்குள் புகுந்தது. வாகனங்களின் இயந்திரங்கள் உயிர்வாயு இன்றி நின்றன. சுமார் 200 பேர் வீடுகளைவிட்டு அப்புறப்படுத்தப்பட்டனர், 45 பேர் மருத்துவமனையை நாடினர், உயிரிழப்பு இல்லை. பின்னர் நடந்த அரசு விசாரணையில் ஒன்று வெளிப்பட்டது: வாயு ஊர்வரை எட்டக்கூடும் என்று குழாய் நடத்தியோர் கணித்திருக்கவில்லை, மீட்கச் சென்ற உள்ளூர் ஊழியர்களுக்கும் எதனை எதிர்கொள்கிறோம் என்பது முன்னரே அறிவிக்கப்படவில்லை.