படகின் கழிவுக் குழாய்

அமெரிக்கக் கடலோரங்களில் பாய்மரப் படகையே வீடாகக் கொண்டு சஞ்சரிப்பவர்களில், புயலுக்கு அஞ்சாதவர்களையும் கலங்கடிப்பது, எவ்வளவு கழுவினாலும் கீழறையை விட்டு நீங்காத துர்நாற்றமாகும். கரையிலிருந்து 3 கடல்மைலுக்குள் சுத்திகரிக்காத கழிவைக் கடலில் விட அந்நாட்டுச் சட்டம் இடந்தராததால், அது படகிலுள்ள தொட்டியிலேயே சேர்கிறது. தொட்டிக்குச் செல்லும் ஒன்றரை அங்குலக் குழாயில் ஓட்டை ஏதும் இல்லாதபோதும், தாழ்ந்த வளைவுகளில் நெடுநாள் தேங்கிய கழிவின் நாற்றம் குழாயின் சுவரையே மெல்ல ஊடுருவி வெளிப்படுகிறது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் குழாயின்மேல் சுற்றிவைத்து, ஆறியபின் முகர்ந்து பார்த்தால் சந்தேகம் நிவர்த்தியாகும். துணி நாறினால் குழாயை மாற்றுவதன்றி வேறு உபாயமில்லை. கடல்நீரும் சிறுநீரும் கலப்பதால் உண்டாகும் சுண்ணப்படிவம், இரத்தக் குழாயில் கொழுப்பு படிவதுபோல், உள்ளே கல்லாக இறுகி வழியைக் குறுக்குவதும் உண்டு.

வேலை அத்தனை நாகரிகமானதன்று. தொட்டியைக் காலிசெய்து, குழாயை நன்னீரால் அலசி, கடலுக்குத் திறக்கும் வால்வை மூடிய பின்னரே கைவைக்க வேண்டும். மூட மறந்தவருக்கு நாற்றம் அற்பக் கவலையாகிவிடும், ஏனெனில் கடலே உள்ளே வந்துவிடும். பழைய குழாயைப் பிடுங்க முயல்வது வீண் பிரயாசை. முனையைக் கத்தியால் நெடுக்காகக் கீறினால் தானே கழன்றுவிடும். புதியதன் முனையை வெந்நீரில் இளக்கிப் பொருத்தி, துருவேறாத எஃகு கிளாம்ப்கள் இரண்டை, அவற்றின் திருகுகள் எதிரெதிராக அமையும்படி முடுக்குவது உத்தமம். கழிவுக்கென்றே தயாரித்த குழாயின் விலைக்கு அஞ்சிச் சாதாரணக் குழாயை வாங்குபவர், இதே வேலையை விரைவில் மறுபடியும் செய்ய நேரும்.