ஆற்றுக்குச் சொந்தக்காரர்கள், மலைக்கு விருந்தாளிகள்

தாமிரபரணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர் பொதிகை உச்சிக்கு ஏற வேண்டுமென்றால், இன்றைக்கு முதலில் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம், அங்கிருந்து நெடுமங்காடு, விதுரா, பிறகு போணக்காடு. பாபநாசத்தில் நின்றால் கண்ணெதிரே தெரிகிற மலைத்தொடரின் பின்பக்கமாகப் போய், இன்னொரு மாநிலத்தின் அனுமதிச் சீட்டோடு ஏறுகிற நிலைமை.

முன்பு அப்படியில்லை. பாபநாசத்திலிருந்து காரையாறு, அணையில் படகு, பாணதீர்த்தம், கன்னிகட்டி, ஆறு பிறக்கிற பூங்குளம், அப்புறம் உச்சி. இதுதான் நம் பக்கத்து வழி. அரிசி, பருப்பு, வெல்லம், கம்பளி, அட்டைக்கடிக்கு உப்பு, முன்னால் நடக்க மலைப் பழங்குடியான காணிக்காரர் ஒருவர் என்று கோஷ்டி கோஷ்டியாகப் போய்வந்த கதையை அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் அறுபது வயதைத் தாண்டிய அண்ணாச்சிமார் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த வழியை வனத்துறை மூடிவிட்டது. 1962இல் முண்டந்துறையும் 1976இல் களக்காடும் சரணாலயங்களாகி, 1988இல் இரண்டும் சேர்ந்து தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாயின. பாணதீர்த்தத்துப் படகும் நின்று பல வருடங்கள் ஆகின்றன.

போணக்காட்டு வழியில் முதல் நாள் சுமார் 15 கிலோமீட்டர். சரிந்துபோன தேயிலைத் தோட்டத்தின் ஓரமாகத் தொடங்கி, காட்டாறுகளைத் தாண்டி, நிழலே இல்லாத புல்வெளிகளில் வெயிலை வாங்கிக்கொண்டு நடக்க வேண்டும். கடைசியில் முட்டிடிச்சான் தேரி. பெயரே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. இரவு அதிருமலை முகாமில் தங்கல். யானை வராமலிருக்கச் சுற்றிலும் அகழி.

உண்மையான மலை மறுநாள்தான். மூங்கில் புதர் அடர்ந்த பாதையில் யானை நின்றால் பத்தடி தள்ளிக்கூடத் தெரியாது. பொங்காலப்பாறையைத் தாண்டியதும் மரங்கள் குட்டையாகி, காற்று மட்டும் பெரிதாகிறது. அதற்குமேல் வெறும் பாறை. செங்குத்தான இடங்களில் கட்டியிருக்கிற கயிற்றைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். படி கிடையாது, கைப்பிடிச் சுவர் கிடையாது. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் இந்த உச்சியில் கொட்டுகின்றன. தாமிரபரணி வற்றாத ஆறாக இருப்பதற்கு இதுதான் காரணம். பாறையில் பாசி விடாமல் படிவதற்கும் இதுவே காரணம். பனிமூட்டம் இறங்கினால் கயிற்றின் மறுமுனை தெரியாது. ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆளைச் சோதிக்கும். ஏறும்போது கண் பாறையைப் பார்க்கிறது, இறங்கும்போது பள்ளத்தைப் பார்க்கிறது.

1,868 மீட்டர் உயரத்தில், கூரையில்லாத வெட்டவெளியில் அகத்தியர் சிலை. அவரவரே கும்பிட்டுக்கொள்ளலாம்.

இந்தப் பாதையின் அபாயம் இன்றைக்கு நேற்று வந்ததல்ல. ஏழாம் நூற்றாண்டில் தென்னாட்டுக்கு வந்த சீனத் துறவி யுவான் சுவாங், மலய மலைக்குக் கிழக்கே பொதலகம் என்றொரு மலை இருப்பதாக எழுதிவைத்தார். வழி ஆபத்தானது, சரிவுகள் செங்குத்தானவை, உச்சியில் தெளிந்த நீர்நிலை, அங்கிருந்து ஓர் ஆறு மலையைச் சுற்றி இறங்கித் தென்கடலில் கலக்கிறது, அங்கே போதிசத்துவர் அவலோகிதேசுவரர் இருக்கிறார் என்பது அவர் தரும் வர்ணனை. காஞ்சிக்குத் தெற்கே அவர் போனதாகத் தெரியவில்லை, கேள்விப்பட்டதைத்தான் எழுதினார். இந்தப் பொதலகம் நம் பொதிகைதான் என்று ஜப்பானிய ஆய்வாளர் ஷு ஹிகோசகா வாதிட்டார். எல்லா அறிஞர்களும் ஒப்புக்கொண்ட முடிவல்ல. ஆனால் பூங்குளத்தையும் தாமிரபரணியையும் மனதில் வைத்துக்கொண்டு அந்த வர்ணனையைப் படிக்கிற திருநெல்வேலிக்காரருக்கு வேறு மலை நினைவுக்கு வராது. திபெத்தின் பொதாலா அரண்மனைக்குப் பெயர் கொடுத்ததும் அதே பொதலகம்தான்.

பக்தியில்லாமல் ஏறியவர்களும் உண்டு. திருவிதாங்கூர் அரசின் வானாய்வகத்தைக் கவனித்த ஜான் ஆலன் ப்ரௌன், 1850களில் உச்சியில் ஓர் ஆய்வகமே கட்டி, காந்தப்புலத்தையும் காற்றழுத்தத்தையும் அளந்தார். அந்தக் கருவிகள் தாமாக நடந்து மேலே போயிருக்காது. சுமந்த தோள்களைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

தோள்கள் என்றதும் காணிக்காரர்களைச் சொல்லாமல் போக முடியாது. 1987இல் இந்த மலைகளில் தாவர ஆய்வாளர்கள் மூச்சுவாங்க நடந்துகொண்டிருந்தபோது, வழிகாட்ட வந்த காணிகள் மட்டும் களைக்கவேயில்லை. ஏதோ ஒரு சின்னக் காயை மென்றபடியே நடந்தார்கள். கெஞ்சிக் கேட்டபிறகுதான் செடியைக் காட்டினார்கள்: ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து உருவாகி, 1995இல் கோவையின் ஆரிய வைத்திய மருந்தகத்துக்கு உரிமம் போயிற்று. உரிமத் தொகையிலும் பங்குத் தொகையிலும் பாதி காணிகளுக்கு என்று ஏற்பாடாகி, உலகம் முழுக்க முன்மாதிரியாகப் பேசப்பட்டது. நடைமுறையில் காணிகளுக்கு அது வாழ்க்கையை மாற்றும் வருமானமாகவில்லை. மலையேறுவதற்கே உரிய ஒரு மருந்தை மலையேறும் வழியிலேயே சொல்லிக்கொடுத்தவர்கள் இன்னமும் வழிகாட்டிகளாகத்தான் முன்னே நடக்கிறார்கள்.

அதே காணிகளில் ஒரு பகுதியினர்தான் பெண்கள் உச்சிக்கு வருவதை எதிர்த்தார்கள். அகத்தியர் பிரம்மச்சாரி என்றார்கள். அவர் மனைவி லோபாமுத்திரையின் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் விசித்திரமாகத்தான் படும். 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் பெண்களைத் தடுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. 2019 ஜனவரியில் பாதுகாப்புத் துறையின் செய்தித் தொடர்பாளர் தன்யா சனல் அந்தத் தீர்ப்புக்குப்பின் ஏறிய முதல் பெண்ணானார். பாறை எந்த வித்தியாசமும் பார்க்கவில்லை.

சீனாவின் ஹுவா மலையும் புனித மலைதான். அங்கே செங்குத்துப் பாறையில் அறைந்த பலகைகள்மீது, இடுப்பு வாரை இரும்பு வடத்தில் மாட்டிக்கொண்டு நடக்கிறார்கள். மேலே போகக் கேபிள் கார் இருக்கிறது, கூட்டமும் அதற்கேற்றபடி. பொதிகைக்கு அது வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். வருடத்தில் பெரும்பாலும் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரிவரை, நாளுக்கு நூறு பேர் அளவில் என்ற கட்டுப்பாடும், அந்தக் கயிறும் சேர்ந்துதான் இந்த மலையைக் காப்பாற்றிவைத்திருக்கின்றன. கூட்டம் கூடிய மலை எப்படியிருக்கும் என்று பார்க்கச் சீனாவரை போக வேண்டியதில்லை. வெள்ளியங்கிரியில் 2024இல் ஏறியவர்களில் பலர் மாரடைப்பாலும் மூச்சுத்திணறலாலும் செத்துப்போனார்கள்.

நம் பக்கத்துப் பாதை மூடியதிலும் எனக்கு வருத்தம் உண்டு, புகார் இல்லை. சுமார் 86,000 ஏக்கர் பாசனத்துக்கும் பல மாவட்டங்களின் குடிநீருக்கும் பிறப்பிடமான சோலையில், சோறு வடித்து நெகிழிப் பை போட்டுவிட்டு வருகிற கோஷ்டிகள் இல்லாமலிருப்பது நல்லதே. சொரிமுத்தையனார் கோயிலில் ஆடி அமாவாசை முடிந்த மறுநாள் ஆற்றங்கரையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

போக நினைப்பவர்கள் ஜனவரித் தொடக்கத்திலேயே கேரள வனத்துறையின் இணையப் பதிவைக் கவனிக்க வேண்டும். இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். மருத்துவச் சான்றிதழைக் கடமைக்கு வாங்காமல் நிஜமாகவே இதயத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் சித்திரை விசுவுக்குப் பாபநாசம் கோயிலுக்கு வரலாம். கைலாயத்துக் கல்யாணத்துக்குப் போக முடியாமல் போன அகத்தியருக்கு அம்மையப்பர் மணக்கோலத்தில் இங்கேயே காட்சி கொடுப்பார்கள். வாசலில்தான் பேருந்து நிற்கும்.