உப்பு வெளிக்கு ஒரு சாலை

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்கால்காரர்களுக்குக் கடல் என்றால் புதுச்சேரி, இல்லாவிட்டால் மாமல்லபுரம். இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் மரக்காணத்தில் வண்டியை நிறுத்துகிறவர்கள் குறைவு.

கலெக்டர் ஆபீஸ் பக்கம் விடியலில் கிளம்பினால் செஞ்சி, திண்டிவனம் வழியாகச் சுமார் 100 கிலோமீட்டர். செஞ்சிக் கோட்டை மலைகள் வரை எங்கும் பாறை. திண்டிவனம் தாண்டியதும் நிலம் தட்டையாகி, காற்றில் உப்பு கலக்கிறது.

மரக்காணம் வந்ததும் சாலையோரம் கண்ணாடித் துண்டுகளை அடுக்கியதுபோல உப்பளப் பாத்திகள். நீண்ட கழியில் பொருத்திய பலகையால் உப்பை வரப்போரம் இழுத்துக் குவிக்கிறார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை. ஐப்பசி மழையில் போனால் பாத்தியெல்லாம் வெறும் தண்ணீர்தான், கோடைதான் காலம்.

பறவைக்கு மார்கழி, தை. அருகிலுள்ள கழுவெளி ஏரியில் மழை நீரும் கழிமுகம் வழியே வரும் கடல் நீரும் கலக்கின்றன. 2021இல் பறவைகள் சரணாலயமான இது, 2024இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பூநாரைகள் வருவதுண்டு. பைனாகுலர் இல்லாமல் போவது வீண்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கடப்பாக்கம். அங்கே செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய ஆலம்பரைக் கோட்டை. 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. பத்தே ஆண்டில் ஆங்கிலேயர் இடித்தார்கள். மிச்சத்தை 2004 சுனாமியும் அசைத்துப் பார்த்தது. இடிந்த சுவர் நிழலில் நின்றால் கழிமுகத்தில் மீன்பிடிப் படகுகள் தெரியும். குடிதண்ணீரைக் கையோடு கொண்டுபோவது நல்லது.