குறைவாக ஓடும் காருக்கும் டிராக்டருக்கும் தவணை உண்டு

கிராமங்களில் இன்று பல சிறு விவசாயிகளின் வீட்டு வாசலில் கார் ஒன்று நிற்கிறது. பெரும்பாலும் பிறர் ஓட்டிய காரைக் கைமாற்றி வாங்கியதுதான். வாரச் சந்தை, ஆஸ்பத்திரி, உறவினர் வீட்டுக் கல்யாணம், எப்போதாவது ஒரு கோயில் பயணம். ஆண்டு முழுவதும் சேர்த்துப் பார்த்தாலும் 2,000 அல்லது 3,000 கிலோ மீட்டரைத் தாண்டுவதில்லை. “வண்டி ஓடவே இல்லை, இதற்கு என்ன சர்வீஸ்?” என்று கேட்கிறார்கள். பணத்தை எண்ணிச் செலவு செய்யும் குடும்பத்தில் இது நியாயமான கேள்விதான். ஆனால் விடை வேறு.

மாட்டு வண்டியை எடுத்துக் கொள்ளலாம். பல மாதங்கள் பூட்டாமல் வெயிலில் நிறுத்தி வைத்தால் சக்கரத்தின் மரம் சுருங்கி, இரும்புப் பட்டா தளர்ந்து விடும். ஒரு மைல் கூட ஓடாமலே வண்டி பழுதாகி விட்டது. காரிலும் ஓட்டத்தால் தேயும் பாகங்கள் உண்டு. காலத்தால் கெடும் பாகங்களும் உண்டு. இதனால்தான் கார் கம்பெனிகள் தரும் கையேடுகளில் தவணை இரண்டு விதமாகக் குறிக்கப்படுகிறது. இன்றைய கார்கள் பலவற்றுக்கு 10,000 கிலோ மீட்டர் அல்லது ஓர் ஆண்டு, இவற்றில் எது முந்துகிறதோ அதுவே தவணை. பலரும் முதல் பாதியை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆண்டுக்கு 2,500 கிலோ மீட்டர் ஓடும் கார் 10,000 கிலோ மீட்டரை எட்ட 4 ஆண்டுகள் ஆகும். அதுவரை ஒரே எண்ணெயில் என்ஜினை ஓட்டுவது கையைக் கடிக்கும் சிக்கனம்.

எண்ணெய் கெடுவது எப்படி?

ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. கேட்பதற்கு வியப்பாக இருந்தாலும் இது உண்மை. காலையில் காரைக் கிளப்பியதும் புகைக் குழாயில் நீர் சொட்டுவது இதனால்தான். இந்த ஆவியில் பெரும்பகுதி வெளியேறி விடும். சிறு பகுதி பிஸ்டன் வளையங்களைக் கடந்து எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்குகிறது. எரியாத பெட்ரோலும் கொஞ்சம் கூடவே இறங்கும். என்ஜின் நன்கு சூடேறி நெடுநேரம் ஓடினால் இவை இரண்டும் ஆவியாகி அகன்று விடும். பக்கத்து ஊருக்கு 3 கிலோ மீட்டர் போய்த் திரும்பும் காரில் எண்ணெய் சூடேறுவதற்குள் பயணம் முடிந்து விடுகிறது. தண்ணீரும் பெட்ரோலும் எண்ணெயிலேயே தங்கி, அமிலமாகி, உலோகத்தை அரிக்கத் தொடங்குகின்றன.

வீட்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் உட்புறத்தைக் கவனிக்க வேண்டும். வெண்ணெய் போன்ற வெளிர்ப் பசை ஒட்டியிருந்தால் எண்ணெயில் தண்ணீர் கலந்துள்ளது என்று பொருள். பசை மிகுந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்து வந்தால் அது வேறு பழுது. உடனே மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

குறுகிய தூரம் மட்டுமே ஓடுவதையும், புழுதிச் சாலையில் ஓடுவதையும் பல கையேடுகள் “கடினமான உபயோகம்” என்ற பிரிவில் சேர்த்திருக்கின்றன. அந்தப் பிரிவுக்குத் தவணை இன்னும் குறைவு. தினமும் நெடுஞ்சாலையில் 60 கிலோ மீட்டர் ஓடும் டாக்சியை விட, வாசலில் நிற்கும் விவசாயியின் காருக்கு எண்ணெய் மாற்றும் கவலை அதிகம் என்பதே இதன் பொருள்.

சிலர் வாரம் ஒரு முறை காரை நிறுத்திய இடத்திலேயே 5 நிமிடம் ஓட விட்டு அணைத்து விடுகிறார்கள். இது தவறான பழக்கம். எண்ணெய் சூடாகாமல் ஈரம் மட்டும் சேரும். கிளப்புவதில் செலவான பாட்டரி சக்தியும் முழுதாகத் திரும்பாது. அதற்குப் பதில் 10 அல்லது 15 நாட்களுக்கு ஒரு முறை 20 கிலோ மீட்டர் தூரம் ஓட்டி வருவது நலம்.

2020 ஏப்ரல் முதல் விற்பனையான பி.எஸ். 6 டீசல் கார்களில் இது இன்னும் முக்கியம். இவற்றின் புகைக் குழாயில் உள்ள கரி வடிகட்டி, வண்டி தொடர்ந்து வேகமாக ஓடும்போதுதான் தன்னைத் தானே சுத்தம் செய்து கொள்ளும். குறுகிய ஓட்டத்திலேயே வைத்திருந்தால் கரி அடைத்து, எச்சரிக்கை விளக்கு எரியும். ஆண்டுக்கு 3,000 கிலோ மீட்டர் ஓட்டுபவர் டீசல் கார் வாங்காமல் இருப்பதே மேல்.

பிரேக் திரவம்

எண்ணெயை விடவும் உயிருக்கு நெருங்கிய விஷயம் இது. பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. கார் ஓடினாலும் நின்றாலும் உறிஞ்சிக் கொண்டேயிருக்கும். டாட் 4 என்ற வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் இந்த அளவு 155 டிகிரி வரை இறங்கலாம். சமவெளியில் சந்தைக்குப் போய் வரும் வரை வேறுபாடு தெரியாது. 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலையிலிருந்து குடும்பத்துடன் இறங்கும்போது தெரியும். மீண்டும் மீண்டும் பிரேக் அழுத்துவதால் ஏறும் சூட்டில் பழைய திரவம் கொதித்துக் குமிழி உண்டாகிறது, மிதிகட்டை தரை வரை இறங்குகிறது, வண்டி நிற்பதில்லை.

ஆகவே 2 ஆண்டுகளுக்கு ஒரு முறை பிரேக் திரவத்தை மாற்றியே தீர வேண்டும். கிலோ மீட்டர் கணக்கு இங்கே செல்லாது. ஒரு மூட்டை உரத்தின் விலையோடு ஒப்பிட்டுத் தள்ளிப்போட வேண்டிய செலவும் அல்ல இது.

மற்றவை

ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்டின் துருத்தடுப்பு சக்தி காலத்தால் குறைகிறது. கையேட்டில் குறித்த ஆண்டில் மாற்ற வேண்டும். குறைந்தால் போர்வெல் தண்ணீரை ஊற்றி நிரப்பக் கூடாது. அதிலுள்ள உப்பு உள்ளே படிந்து குழாய்களை அடைக்கும்.

சில என்ஜின்களில் ரப்பர் டைமிங் பெல்ட் உள்ளது, சிலவற்றில் சங்கிலி. பெல்ட் உள்ள காராயின் அதற்கும் ஆண்டுக் கணக்கு உண்டு. அது அறுந்தால் பல என்ஜின்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்து விடும். தன் காரில் இருப்பது எது என்று ஒவ்வொருவரும் மெக்கானிக்கிடம் கேட்டு வைத்துக் கொள்வது அவசியம்.

டயரின் பக்கவாட்டில் 4 எண்கள் ஒரு கட்டத்துக்குள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. பூவிதழ் போலக் கோடுகள் தேயாமல் இருந்தாலும் ரப்பர் வயதாகி வெடிப்பு விடும். 5 ஆண்டுகளுக்குப் பிறகு ஆண்டுதோறும் டயரைக் காட்டிச் சோதிப்பதும், 10 ஆண்டுகளுக்கு மேல் ஓட்டாதிருப்பதும் நல்லது. ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான்.

நீண்ட நாள் நிறுத்துவதானால் கைப்பிரேக்கை இழுத்து விடக் கூடாது, ஒட்டிக் கொள்ளும். கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வைத்தால் போதும். ஒரு மாதத்துக்கு மேல் வெளியூர் போகிறவர் பாட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி வைப்பது உசிதம். வைக்கோல் போரின் ஓரத்தில் மட்டும் காரை நிறுத்த வேண்டாம். எலி ஏறி வயர்களைக் கடிக்கும், காற்று வடிகட்டியில் கூடு கட்டும். ஓடி வந்த காரின் புகைக் குழாய்ச் சூட்டில் உலர்ந்த தாள் பற்றிக் கொள்ளவும் கூடும். சாலையில் காயப்போட்ட கொள்ளுச் செடி மேல் காரை ஏற்றி, அது அச்சில் சுற்றித் தீப்பிடிக்கும் அபாயமும் இதைச் சேர்ந்ததே.

டிராக்டருக்கு மணிக் கணக்கு

டிராக்டரில் கிலோ மீட்டருக்குப் பதில் மணிக் கணக்கு. முதல் சர்வீஸ் பெரும்பாலும் 50 மணியில். பிறகு எண்ணெய் மாற்றம் பல டிராக்டர்களில் 250 மணிக்கு ஒரு முறை. சொந்த வயலுக்கு மட்டும் ஓட்டி ஆண்டுக்கு 120 மணி காட்டும் டிராக்டரில் 250 மணி சேர 2 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்குக் காத்திராமல் ஆண்டுக்கு ஒரு முறை எண்ணெயும் வடிகட்டியும் மாற்றி விடுவதே சரி.

டெல்டாவில் வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்கப்படும். அதற்கு முன் மே மாதத்திலேயே டிராக்டரைப் பார்த்து விடுவது புத்திசாலித்தனம். கோடையில் நின்ற டிராக்டரின் டீசல் தொட்டியில் ஈரம் கசிந்து தண்ணீர் அடியில் தங்கியிருக்கும். வடிகட்டியின் அடித் திருகைத் தளர்த்தி அதை வெளியேற்ற வேண்டும். எண்ணெய்க் கிண்ணம் உள்ள காற்று வடிகட்டியானால் கிண்ணத்தைக் கழுவிப் புது எண்ணெய் விட வேண்டும். தண்ணீர் வந்த பிறகு டிராக்டர் படுத்தால் நாற்று வயதாகும், மெக்கானிக்கும் கிடைக்க மாட்டார். அந்த ஒரு வாரத் தாமதத்தின் நஷ்டத்தில் பல ஆண்டு எண்ணெய்ச் செலவு அடங்கி விடும்.

கிரீஸ் மட்டும் மணிக்கும் மாதத்துக்கும் கட்டுப்பட்டதல்ல. சேற்றுழவு செய்த நாளில் அன்றே முன் அச்சு மூட்டுகளில் கிரீஸ் அடிக்க வேண்டும்.

நினைவூட்டுவது யார்?

புதிய கார்களில் சர்வீஸ் விளக்கு இருக்கிறது. சில கார்களில் அது மாதத்தையும் சேர்த்துக் கணக்கிடும். சிலவற்றில் கிலோ மீட்டரை மட்டுமே பார்க்கும். இரண்டாவது வகையை நம்பியிருந்தால் குறைவாக ஓடும் காரில் அந்த விளக்கு எரியவே ஆண்டுகள் ஆகும். ஒர்க்‌ஷாப்பிலிருந்து வரும் போன் அழைப்பும் கார் கைமாறினால் பழைய சொந்தக்காரருக்கே போகும்.

நம் ஊரில் இதற்கு ஆயுத பூஜையை விடச் சிறந்த நாள் கிடையாது. செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ வருகிறது. வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்பு. எப்படியும் வண்டியைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைக்கும் நாள். அதற்கு 2 வாரம் முன்பே எண்ணெய், வடிகட்டி மாற்றம், பிரேக், வைப்பர், விளக்குச் சோதனை ஆகியவற்றை முடித்து விடலாம். பூஜை வாரத்தில் போனால் ஒர்க்‌ஷாப்பில் கூட்டம். சித்திரை முதல் நாளில் காற்று, பாட்டரி, கூலண்ட் ஆகியவற்றை மட்டும் பார்த்தால் போதும். வரவு செலவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி, கிலோ மீட்டர், மாற்றிய பொருள் என மூன்று பத்தி போட்டு எழுதி வைப்பது நன்று. கைப்பேசியில் ஆண்டுக்கொரு முறை மணி அடிக்கும்படி வைக்கப் பிள்ளைகளைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் செய்து தருவார்கள்.

ஆண்டுக்கு ஒரு முறை போவதால் சொன்னதற்கெல்லாம் தலையாட்ட வேண்டியதில்லை. பிரேக் கட்டை, கிளட்ச், ஸ்பார்க் பிளக் ஆகியவை முக்கியமாக ஓட்டத்தால் தேய்பவை. 2,500 கிலோ மீட்டர் ஓடிய காருக்கு என்ஜினைக் கழுவும் மருந்து, கரி நீக்கம் என்று பட்டியல் நீண்டால், தேய்ந்ததைக் கண்ணால் காட்டச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் வாரண்டி உள்ள புதுக் காரில் கையேடு கூறும் ஆண்டுச் சர்வீசை விட்டு விட்டால், பின்னால் பழுதுக்கு வாரண்டி கேட்கும்போது தகராறு வரும்.

பத்திரங்களுக்கும் ஓட்டக் கணக்கு கிடையாது. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயம். புகைச் சான்றிதழுக்கும் காலாவதித் தேதி உண்டு. சொந்தக் காரின் பதிவை 15 ஆண்டு முடிந்ததும் புதுப்பிக்க வேண்டும். குறைவாக ஓட்டுபவருக்கு ஒரு சலுகை இருக்கிறது. ஓடும் தூரத்தைப் பொறுத்துக் கட்டணம் வாங்கும் இன்சூரன்ஸ் முறைக்கு 2022-ல் அனுமதி தரப்பட்டது. புதுப்பிக்கும்போது ஏஜெண்டிடம் கேட்டுப் பார்க்கலாம்.

“10 வருஷக் கார், 20,000 கிலோ மீட்டர்தான் ஓடியிருக்கிறது” என்று விற்பவர் சொன்னால், சர்வீஸ் புத்தகத்தில் ஆண்டுதோறும் முத்திரை இருக்கிறதா, டயரில் எந்த ஆண்டு, எண்ணெய் மூடியின் உள்ளே என்ன நிறம் என்ற மூன்றையும் பார்த்த பிறகே விலை பேச வேண்டும்.