ட்ரம்பின் அம்மா கப்பல் ஏறிய கதை

1930 மே 2ஆம் திகதி கிளாஸ்கோ துறைமுகத்தில் 'ட்ரான்சில்வேனியா' என்ற கப்பலில் ஒரு இளம் பெண் ஏறினார். கப்பல் நியூயோர்க்கை அடைவதற்கு முதல் நாள்தான் அவருக்குப் பதினெட்டு வயது முடிந்தது. தொழில் என்ற இடத்தில் வீட்டு வேலை என்று பதிவு. கையில் 50 டொலர். போவது குயீன்ஸில் இருந்த அக்கா வீட்டுக்கு. எங்கட குடும்பங்களிலும் இப்படி ஒரு கதை இருக்கும். ஆனால் மேரி ஆன் மக்லவுட் என்ற இந்தப் பெண்ணின் நாலாவது பிள்ளைதான் டொனால்ட் ட்ரம்ப்.

அவரது ஊர் ஸ்கொட்லாந்தின் வடமேற்கே லூயிஸ் தீவில் உள்ள டொங் என்ற கிராமம். பத்துப் பிள்ளைகளில் கடைக்குட்டி. தகப்பனுக்கு ஒரு சின்னக் காணித் துண்டும் மீன்பிடியும். வீட்டில் பேசியது கேலிக் மொழி, ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில்தான் வந்தது. 1919 புத்தாண்டு விடியுமுன், போர் முடிந்து ஊர் திரும்பிய படைவீரரை ஏற்றிவந்த 'அயோலேர்' கப்பல் ஸ்டோர்னோவே துறைமுக வாசலில் பாறையில் மோதியது. 201 பேர் செத்தார்கள். நாலு வருசச் சண்டையில் தப்பி, வீட்டு விளக்கு தெரியிற தூரத்தில் செத்தவர்கள். மேரிக்கு அப்போது ஆறு வயது. 1923இல் 'மெட்டகாமா' கப்பல் ஒரே பயணத்தில் சுமார் 300 பேரை அந்தத் தீவிலிருந்து கனடாவுக்கு அள்ளிக்கொண்டு போனது. பெரும்பாலும் இளம் ஆட்கள். மிச்சமிருந்த பெட்டைகளும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.

மேரி சட்டப்படிதான் போனார். சரி, அந்தச் சட்டம் என்ன? 1929இல் அமெரிக்கா போட்ட கணக்கில், வருடத்துக்கு ஏறத்தாழ 150,000 குடியேறிகள். அதில் 65,721 இடம் பிரித்தானியாவுக்கும் வட அயர்லாந்துக்கும். இந்தியாவும் இலங்கையும் 1917 சட்டத்திலேயே தடுக்கப்பட்ட வலயத்துக்குள். அதே 1930இல் வேலணையிலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ அதே வயதுப் பெண் அதே 50 டொலரோடு வீட்டு வேலைக்குப் போய்க் குடியேற வழியே இல்லை. இந்தியருக்கு 1946இல்தான் வருடத்துக்கு 100 பேர் என்று கதவு கொஞ்சம் திறந்தது. 1965இல்தான் ஒழுங்காகத் திறந்தது.

1936இல் மேரி ஜெர்மன் குடியேறிகளின் மகன் ஃபிரெட் ட்ரம்பை மணந்தார், 1942இல் குடியுரிமை. ஐந்து பிள்ளைகள். ஊருக்குப் போனால் அவர் கேலிக்தான் பேசுவாராம். மூத்த மகள் மேரியன் பெடரல் நீதிபதியானார். ஸ்டோர்னோவேயில் உள்ள நோயாளர் பராமரிப்பு இல்லத்துக்கு 155,000 பவுண் கொடுத்தவரும் அவர்தான். தம்பி டொனால்ட் 2008இல் அம்மா பிறந்த வீட்டுக்குப் போனார். உள்ளே நின்றது 97 செக்கன் என்று பத்திரிகைக்காரர் எண்ணிச் சொன்னார்கள். சிரிக்காதேங்கோ, எங்கட பிள்ளைகள் அம்மம்மாவின் வீட்டுக் கிணற்றடியில் எவ்வளவு நேரம் நிக்கினம்?

2017 ஜனவரி 20இல் அவர் பதவியேற்றபோது கை வைத்த பைபிள்களில் ஒன்று, 1955இல் அம்மா கொடுத்தது. சரியாக ஒரு கிழமையில் ஏழு நாட்டவருக்குத் தடை. அடுத்த வருடம் காங்கிரஸில், குடும்பத்தைக் கூப்பிடுவதென்றால் கணவன் மனைவியும் வயது வராத பிள்ளைகளும் மட்டும் என்று கேட்டார். அக்காவை நம்பிப் போன தங்கச்சியின் மகன் கேட்டது இது.

இதுக்கு எங்கட ஆக்களும் கைதட்டுகினம். "நாங்கள் ஒழுங்கா வந்தனாங்கள், இப்ப வாறவங்கள்தான் கள்ளமா வாறாங்கள்" என்று இங்கே பிறந்த பெடியளும் சொல்லுறாங்கள். 1986 ஓகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 150க்கும் மேற்பட்ட தமிழரை மீன்பிடிக்காரர் மீட்டார்கள். இந்தியாவிலிருந்து வருகிறோம் என்றுதான் அவர்கள் முதலில் சொன்னார்கள். உண்மையில் கப்பல் ஏறியது மேற்கு ஜெர்மனியில். தெரிந்த பிறகும் கனடா அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை.

தம்பி, ஒருக்கா அப்பாவிட்டக் கேளும். எந்த ஏஜென்சி, எத்தனை நாடு, ஆற்ற பாஸ்போர்ட் என்று.