சிறு துகள் தரும் பேராற்றல்

கற்கண்டுக் கட்டி ஒன்றை ஒரு குவளை நீரிலும், அதே எடையுள்ள சீனியை மற்றொரு குவளை நீரிலும் இட்டுப் பாருங்கள். சீனி விரைவில் கரைந்துவிடும். கற்கண்டோ நெடுநேரம் அடியிலேயே கிடக்கும். பொருளும் ஒன்று, எடையும் ஒன்று. எனினும் பொடியான பொருளில் நீர் தொடக்கூடிய மேற்பரப்பு மிகுதி. அடுக்களையில் நாம் அன்றாடம் காணும் இந்த உண்மையே, எரிசக்தித் துறையில் நானோ தொழில்நுட்பம் ஆற்றிவரும் அரும்பணிகள் பலவற்றுக்கு அடிப்படையாகும்.

ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறுகளாக்கினால், அவற்றுள் ஒரு கூறே நானோ மீட்டர். நம் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோ மீட்டர்! ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதனையே ஒரு நானோ மீட்டர் பக்கமுள்ள துண்டுகளாக்கினால், மொத்த மேற்பரப்பு 6,000 சதுர மீட்டராகப் பெருகும். அதாவது ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர்!

வெள்ளைப் பொடியும் கதிரொளியும்

சுவர்ப் பூச்சுகளுக்கு வெண்மை தருவது டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் மலிவான பொடி. இது புற ஊதாக் கதிர்களையே ஈர்க்கும். கண்ணுக்குப் புலனாகும் ஒளியை ஈர்க்காது. எனவே இதன்மீது சாயம் ஏற்றி, சாயம் ஈர்க்கும் ஒளியை மின்சாரமாக்க விஞ்ஞானிகள் முயன்றனர். ஆயின் சமதளப் பரப்பில் படியும் மெல்லிய சாயப்படலம் ஈர்த்த ஒளி மிகச் சொற்பமே.

1991-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பணியாற்றிய பிரையன் ஓ'ரீகன், மைக்கேல் கிரெட்செல் ஆகிய இருவரும் இதற்கு வழி கண்டனர். அப்பொடியை நானோ துகள்களாக்கி, கடற்பஞ்சு போன்ற நுண்துளைப் படலமாகப் பரப்பினர். சாயம் ஒட்டும் பரப்பு ஏறத்தாழ ஆயிரம் மடங்கு பெருகியது. விழுந்த கதிரொளியில் 7 விழுக்காட்டுக்கு மேல் மின்சாரமாயிற்று. 2022-இல் ஆய்வுக்கூட அளவில் இது 15 விழுக்காட்டைக் கடந்தது. 20 விழுக்காட்டுக்கு மேல் தரும் சிலிக்கான் தகடுகளுக்கு இது இன்னும் ஈடாகவில்லை. உள்ளிருக்கும் திரவம் கசியும் குறையும் உண்டு. எனினும் அறைக்குள் பரவும் மங்கிய ஒளியிலும் சிறப்பாக இயங்குவது இதன் தனிச்சிறப்பு.

சேமிக்கும் கலம்

பகலில் பெற்ற மின்சாரத்தை இரவுக்குச் சேமிக்க வேண்டுமே! லித்தியம் பேட்டரிகள் பலவற்றில் கோபால்ட் என்னும் உலோகம் சேர்க்கப்படுகிறது. உலகில் வெட்டியெடுக்கப்படும் கோபால்ட்டில் பாதிக்கு மேல் காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்தே வருகிறது. அங்குள்ள முறைசாராச் சுரங்கங்களில் பள்ளி செல்லவேண்டிய சிறுவர்களும் உழல்கின்றனர் என்பதை எண்ணுகையில் நெஞ்சம் கனக்கிறது.

1997-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் குழுவினர், கோபால்ட் இல்லாத லித்தியம் இரும்பு பாஸ்பேட்டை அறிமுகப்படுத்தினர். இரும்பும் பாஸ்பேட்டும் மலிவானவை. தீப்பற்றும் அபாயமும் குறைவு. ஆயினும் அப்பொருளுக்குள் மின்சாரம் மிக மந்தமாகவே பாய்ந்தது. பின்னர் வந்த ஆய்வாளர்கள் அதனை நுண்துகள்களாக்கி, ஒவ்வொரு துகளுக்கும் கரிப்பூச்சு அளித்தனர். லித்தியம் அயனி கடக்கவேண்டிய தொலைவு பத்தில் ஒன்றானால், அதற்காகும் நேரம் ஏறத்தாழ நூறில் ஒன்றாகும்! இன்று மின்சாரப் பேருந்துகளிலும் கார்களிலும் வீட்டுச் சேமிப்புக் கலங்களிலும் இவ்வகை பேட்டரிகள் பெருமளவில் பயன்படுகின்றன. 2019-இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது குட்இனஃபின் வயது 97!

எச்சரிக்கையும் தேவை

நுண்மைக்கு மறுபக்கமும் உண்டு. டைட்டானியம் டை ஆக்சைடுத் தூசியைச் சுவாசித்தல் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. தகட்டினுள் அடைபட்ட துகளால் அதனைப் பயன்படுத்துவோருக்கு அச்சமில்லை. ஆலையில் பொடியைக் கையாளும் தொழிலாளிக்கே ஆபத்து. அவருக்குத் தக்க பாதுகாப்பு அளிப்பது ஆலை உரிமையாளரின் கடமை.

வாசகர்களும் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். 'நானோ' என்னும் சொல் அட்டையில் இருப்பதாலேயே ஒரு பொருள் உயர்ந்ததாகிவிடாது. பேட்டரியோ, சூரிய மின்தகடோ வாங்கும்போது அதன் திறன் எவ்வளவு, எத்தனை ஆண்டுகளுக்கு உத்தரவாதம், பழுதானபின் யார் திரும்பப் பெறுவர் என்று கேட்டறியுங்கள். துகளின் நுண்மை விஞ்ஞானியின் கவலை; உழைத்துச் சேர்த்த பணம் வீணாகாமற் காப்பது நம் கவலையன்றோ?