ஆட்டுக்கு ஒரு சொட்டு, ஆளுக்குக் காவல்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

சென்ற தை மாதம் எங்கள் வீட்டுச் சினை வெள்ளாடு ஒன்று நான்காம் மாதத்திலேயே குட்டி வீசியது. கண்ணேறு என்றார் பாட்டி. அம்மா வெறுங்கையால் நஞ்சுக்கொடியை எடுத்துப் புதைத்தார். ஆடு குட்டி வீசக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றான ‘புருசெல்லோசிஸ்’ பற்றிப் படித்த பின்னர் அம்மாவின் கைகளே என் நினைவில் நிற்கின்றன.

மத்தியதரைக் கடலில் மால்டா என்றொரு சிறு தீவு. அங்கிருந்த ஆங்கிலேயப் படைவீரர்கள் விட்டுவிட்டு வரும் காய்ச்சலால் மாதக்கணக்கில் வாடினர். இறந்தோரின் மண்ணீரலில் தாம் கண்ட நுண்ணுயிரை இராணுவ மருத்துவர் டேவிட் புரூஸ் 1887இல் அறிவித்தார். அது எங்கிருந்து வந்தது என்பது மேலும் 18 ஆண்டுகள் புலப்படவில்லை. 1905இல் அத்தீவின் மருத்துவர் தெமிஸ்டோக்கிள்ஸ் சம்மித் ஆடுகளின் இரத்தத்தைச் சோதித்தார். பார்வைக்கு நலமாயிருந்த ஆடுகளே நோயைச் சுமந்தன! 1906இல் படையினருக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டது. அவர்களிடையே காய்ச்சலும் விரைவில் அடங்கியது.

பாலைக் காய்ச்சிக் குடித்தால் போதாதா என நண்பர்கள் வினவலாம். குடிப்பவருக்குப் போதும், வளர்ப்பவருக்குப் போதாது. வீசிய குட்டியிலும் நஞ்சுக்கொடியிலும் கிருமி மிகுந்திருக்கும். கைக்கீறல் வழியாகவும் கண், மூக்கு வழியாகவும் அது உட்புகும். மனிதருக்குப் பொதுவாக வழங்கத்தக்க தடுப்பூசி இன்னும் இல்லை. ஆகவே ஆட்டைக் காப்பதே ஆளைக் காக்கும் வழி.

இதற்கு உதவுவது ‘ரெவ்-1’ தடுப்பு மருந்து. 1950களில் உருவான இது, உயிருள்ள, ஆனால் வீரியம் குறைந்த கிருமியாகும். 3 முதல் 6 மாதக் குட்டிகளுக்குத் தோலடியில் ஊசியாகவோ கண்ணில் சொட்டாகவோ தரலாம். ஊசியாகப் போட்டால் எதிர்ப்பொருள் இரத்தத்தில் நெடுநாள் தங்கும். பின்னர் சோதிக்கையில் நோயுற்ற ஆடு எது, மருந்து பெற்ற ஆடு எது எனப் பிரித்தறிவது கடினம். கண்ணில் இட்டால் இக்குழப்பம் குறைவு.

எச்சரிக்கையும் தேவை. சினை ஆட்டுக்குத் தந்தால் இம்மருந்தே குட்டி வீசச் செய்யலாம். தவறுதலாக மனிதர்மேல் குத்திவிட்டால் நோய் வரக்கூடும். இக்கிருமி ஸ்ட்ரெப்டோமைசினுக்கும் கட்டுப்படாது. எனவே பயிற்சி பெற்றவர்களே கையுறையும் கண்ணாடியும் அணிந்து இதனைக் கையாள வேண்டும்.

நம் நாட்டில் 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இந்நோய்க்கான தடுப்பூசி, 4 முதல் 8 மாதப் பசு, எருமைப் பெண் கன்றுகளுக்கே உரியது. ஏழையின் பசுவாகிய வெள்ளாட்டுக்கும் அந்த நாள் வரவேண்டும்.

அதுவரை நம்மால் இயன்றது உண்டு. ஆடு குட்டி வீசினால் கால்நடை மருத்துவரிடம் தெரிவிப்போம். வெறுங்கையால் தொடாதிருப்போம். கழிவை ஆழப் புதைப்போம். விடுமுறைக்குச் சென்றபோது அம்மாவிடம் ஒரு சோடி கையுறை கொடுத்தேன். “ஆட்டைத் தொட இதெல்லாமா?” என்று சிரித்தார். காரணத்தைச் சொன்னேன். மறுமொழி கூறாமல் வாங்கிக் கொட்டில் கூரையில் செருகி வைத்தார். நான் படித்த விலங்கியல் அன்றுதான் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது.